தொட்டித் தண்ணீர் 32 டிகிரி ஆகிறது: ஐஸ் போடலாமா, சில்லர் வாங்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: 100 லிட்டர் தொட்டி. கப்பி, நியான் டெட்ரா, கூடவே இரண்டு தங்கமீன். வெயில் தொடங்கியதிலிருந்து சாயங்காலமானால் தண்ணீர் 32 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐஸ் போட்டுக் குளிர வைக்கலாமா, அல்லது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளிவரும் குழாயை மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி திருப்பி வையுங்கள். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, ஒரு ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி பொருத்துங்கள். ஹீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்றைய உணவைக் கொடுக்காதீர்கள். இதையெல்லாம் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், அவசரமில்லை.

மீன் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்தால் சூடு தாங்காமல் தவிக்கிறது என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது மூச்சுத் திணறல். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் அது 8.3 ஆகிறது, 30 டிகிரியில் 7.6, உங்கள் 32 டிகிரியில் ஏறக்குறைய 7.3. குறைவது ஐந்தில் ஒரு பங்குதானே என்று கேட்கலாம். ஆனால் அதே நேரத்தில் மீனின் தேவை ஏறிக்கொண்டே போகிறது. தண்ணீர் 10 டிகிரி சூடானால் மீனின் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு இரட்டித்தால் என்ன ஆகும்? தொட்டியில் வாழும் பாக்டீரியாக்களும் அழுகும் மிச்ச உணவும் அதே ஆக்சிஜனில்தான் பங்கு கேட்கின்றன. மேலே சொன்ன எண்கள் எல்லாம் உச்சவரம்பு. மேல்மட்டம் அசையாமல், மீன்கள் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் உண்மையான அளவு அதைவிட நன்றாகவே கீழே இருக்கும்.

அதனால்தான் குளிர வைப்பதற்கு முன்னால் காற்றோட்டத்தைச் சொன்னேன். வெப்பமண்டல மீன்கள் பலவும் 31, 32 டிகிரியைச் சில நாட்கள் தாங்கிவிடும். ஆக்சிஜன் இல்லாமல் ஒரு இரவைக்கூடத் தாங்காது. காற்றுக்குமிழிகள் தாமாகப் பெரிதாக எதையும் கரைத்துவிடுவதில்லை. அவை மேலே வந்து உடையும்போது பரப்பைக் கலக்குகின்றன, அடியில் கிடக்கும் தண்ணீரை மேலே கொண்டுவருகின்றன. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடம் அந்தப் பரப்புதான். அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் போல ஏதாவது மிதந்தால், ஒரு டிஷ்யூ பேப்பரைப் படர விட்டு எடுத்துவிடுங்கள். அந்தப் படலம் காற்று கரைவதைத் தடுக்கும்.

நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ள, விளக்கு போடுவதற்கு முன், விடியற்காலையில் தொட்டியைப் பாருங்கள். செடிகள் வெளிச்சத்தில்தான் ஆக்சிஜன் தரும். இரவில் அவையும் மீன்களைப் போல அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியும் நேரத்தில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் எல்லாம் ஒரு மூலையில், ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கூடி நிற்கின்றனவா? செவுள் மூடிகள் வழக்கத்தைவிட அகலமாக விரிந்து, வேகமாக அடித்துக்கொள்கின்றனவா? அப்படியென்றால் இரவு ஏர் பம்பை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபைட்டர், கௌராமி போன்றவை மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. கோரிடோராஸ் கூட அவ்வப்போது விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நியான் டெட்ராவும் தங்கமீனும் மேலேயே தங்கி வாய் பிளந்தால்தான் கவலை.

உங்கள் தொட்டியில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்த இரண்டு தங்கமீன்கள். தங்கமீன் குளிர்ந்த நீர் மீன், 18 முதல் 24 டிகிரிக்குள் நிம்மதியாக இருக்கும். உடல் பெரிது, தீனி அதிகம், கழிவும் அதிகம். நியான் டெட்ராவுக்கு 26க்கு மேல் போகப் போகச் சிரமம். கப்பி மட்டும்தான் இந்த மூன்றில் 28 வரை சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு வெப்பநிலை வைப்பதே கடினம், அதுவும் கோடையில். முடிந்தால் தங்கமீன்களை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், அகலமான வேறொரு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவை போனாலே மீதி மீன்களுக்கு ஆக்சிஜன் நெருக்கடி பெருமளவு தீரும். டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் 28 முதல் 30 வரை வேண்டுமென்றே சூடாக்கி வைக்கிறார்கள், அதற்கு அதுதான் சுகம். ஆகவே எத்தனை டிகிரி அதிகம் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது, உங்கள் மீனைப் பொறுத்ததுதான்.

இனி குளிர வைப்பது. இதில் கணக்கு போட்டுப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும்.

ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உங்கள் தொட்டியில் மிதக்க விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோ ஐஸ் உருகி, பிறகு தொட்டியின் சூட்டுக்கு வரும்வரை சுமார் 450 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 100 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குறைக்க 418 கிலோஜூல் வேண்டும். ஆக, முழு பாட்டில் உருகினால் கிடைப்பது ஒரே ஒரு டிகிரி. அது உருகி முடிவதற்குள் அறையின் சூடு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆறு டிகிரி குறைக்க எத்தனை பாட்டில், எத்தனை முறை என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஒரு லிட்டர் தண்ணீர் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போனால்? ஏறத்தாழ 2,430 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் தொட்டியில் அது கிட்டத்தட்ட 5.8 டிகிரிக்குச் சமம். ஐஸைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இங்கும் அறை தன் சூட்டைத் திருப்பித் தந்துகொண்டேதான் இருக்கும், அதனால் 5.8 அப்படியே கையில் நிற்காது. ஆனால் ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறது, ஆவியாதலும் நாள் முழுக்க நடக்கிறது. நடைமுறையில் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கி, அங்கேயே நிற்கும். வியர்த்த உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருப்பது இதே வேலைதான்.

ஃபேன் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேனே போதும்; தொட்டி நீளமாக இருந்தால் இரண்டு. தொட்டி விளிம்பில் மாட்டி, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் காற்று பரப்பை உரசிக்கொண்டு ஓடும்படி வையுங்கள். நேர் கீழாக ஊதினால் ஒரே இடத்தில் குழி விழும், மற்ற பரப்பு சும்மா கிடக்கும். சரியாகப் பொருத்தியிருக்கிறீர்களா என்பதைப் பரப்பே காட்டிக்கொடுக்கும்: ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை நுண்ணிய சுருக்கங்கள் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் நீர்மட்டம் விரலளவு இறங்கி, பழைய மட்டத்தில் வெள்ளைக் கோடு ஒன்று படிந்திருக்கும். அது நல்ல அறிகுறி.

இதற்கு எல்லை ஒன்று உண்டு, அது காற்றின் ஈரப்பதம். 34 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், ஆவியாதலால் தண்ணீர் கோட்பாட்டளவில் 24 டிகிரிக்குப் பக்கம் வரை இறங்கலாம். அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 31க்குக் கீழே போகவே போகாது, எத்தனை ஃபேன் வைத்தாலும். புழுக்கமான ஊரில் இருப்பவர் "ஃபேன் வேலை செய்யவில்லை" என்பதும், காய்ந்த வெயிலடிக்கும் ஊரில் இருப்பவர் "அற்புதம்" என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை. அறைக்குள் தேங்கும் ஈரக்காற்று வெளியே போக வழி இருக்க வேண்டும். மூடிய சிறிய அறையில் ஃபேன் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அறையே ஈரமாகி, பலன் குறைந்துவிடும். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

மூடியை எடுத்தால் மீன் குதிக்கும், கப்பி நன்றாகவே குதிக்கும். சன்னமான வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே வையுங்கள். காற்று போகும், மீன் போகாது.

ஆவியான தண்ணீரை ஈடுகட்டுவதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டுமே. அதிலிருந்த உப்புகள், தாதுக்கள், நைட்ரேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் கோடை முடிவதற்குள் தண்ணீர் நன்றாகவே கடினமாகியிருக்கும். இழந்ததை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வாராந்தரத் தண்ணீர் மாற்றத்துக்கு மட்டும் எப்போதும் போல, குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். அங்கே ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும்.

ஐஸை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. மின்சாரம் போய்விட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்ற நிலையில் உதவும். மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள். கட்டியை நேராகத் தண்ணீரில் போட்டால் உருகுவது குளோரின் நீக்காத தண்ணீர் என்பது ஒன்று, அதன் பக்கத்தில் நிற்கும் மீனுக்குத் திடீர்க் குளிர் தாக்கும் என்பது இன்னொன்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் ஐந்தாறு பாட்டில் போட்டு 27க்குக் கொண்டுவந்து, மறந்துபோய் ராத்திரி 32க்கு விடுவதைவிட, நாள் முழுக்க ஒரே சீராக 30இல் இருப்பது மீனுக்கு நல்லது. வெள்ளைப் புள்ளி நோய் பல தொட்டிகளில் தலைகாட்டுவது இப்படி ஏற்றி இறக்கிய பிறகுதான்.

தண்ணீர் மாற்றிக் குளிர வைக்கலாமே என்றால், அதற்கும் கணக்கு பெரிதாக ஒத்துவராது. 32 டிகிரியில் இருக்கும் தொட்டியில் 20 லிட்டரை எடுத்துவிட்டு 26 டிகிரித் தண்ணீர் ஊற்றினால் 30.8 ஆகும். அதுவும் குழாயில் 26 டிகிரியில் தண்ணீர் வந்தால்தான். வெயிலில் காயும் தொட்டியிலிருந்து குழாய் வந்தால், மதியம் மீன்தொட்டியைவிடச் சூடான தண்ணீர்தான் கொட்டும். கையை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அதிகாலையில் பிடித்து வைத்த தண்ணீர் சிறந்தது.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். முதல் சந்தேகம் ஹீட்டர் மேல்தான் வர வேண்டும். அதற்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஹீட்டர் நிற்காமல் எரிவது அரிதல்ல. 26இல் வைத்திருக்கிறேன், தண்ணீர் 31 ஆகியும் அதன் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் வேறு சாட்சி தேவையில்லை. பிடுங்கியதும் உடனே வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கும்; கால் மணி நேரம் தண்ணீரிலேயே ஆறட்டும். அடுத்தது விளக்கு. மூடிக்குள் அடைபட்ட விளக்கு, அது எல்ஈடியாகவே இருந்தாலும், மேல்பகுதியைச் சூடாக்கும். கோடையில் ஆறு மணி நேரம் போதும், அதையும் மாலை வெயில் தணிந்த பிறகு போடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்புகள் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். தண்ணீரைச் சுழலவிடும் பவர்ஹெட் பம்பு இரண்டு ஓடும் இடத்தில் ஒன்று போதுமென்றால் ஒன்றை எடுத்துவிட்டு, மோட்டார் வெளியே இருக்கும் ஏர் பம்பைச் சேருங்கள்.

ஜன்னல் வெயில் தொட்டியின் மேல் ஒரு மணி நேரம் விழுந்தாலும் திரை போடுங்கள். தெர்மாகோல் பலகையைப் பின்பக்கம் ஒட்டலாமா என்று கேட்பார்கள். வெயில் படும் பக்கத்தில் ஒட்டினால் பயன் உண்டு. ஆனால் அறையே இரவும் பகலும் 33 டிகிரியில் கிடந்தால், எதைச் சுற்றினாலும் தண்ணீர் மெதுவாக அங்கேதான் வந்து சேரும். ஆவியாதல், சில்லர், அறையைக் குளிர்விப்பது, இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் தண்ணீரை அந்த 33க்குக் கீழே நிறுத்தி வைக்காது.

ஈரத்துணியைத் தொட்டியின் மேல் போர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். துணியின் ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை வெளியே கீழாகவும் தொங்கினால், அது சொட்டுச் சொட்டாக உறிஞ்சித் தரையில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவில் கவனிக்காமல் விட்டால் தொட்டி பாதியாகிவிடும்.

உணவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் மீன் சுறுசுறுப்பாகத் தெரியும், பசியோடு ஓடிவரும், நாமும் கூடுதலாகப் போட்டுவிடுவோம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டும்தான் நச்சு வடிவத்தில் இருக்கும். பிஹெச் 8 ஆக உள்ள தண்ணீரில், 24 டிகிரியில் அந்தப் பகுதி 5 சதவீதம். 32 டிகிரியில் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே அழுக்கு, சூடு ஏறியதாலேயே கூடுதல் விஷம். தினமும் பாதியளவு போடுங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் வளர்ந்த மீனுக்குக் குறையொன்றும் வராது. ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள், ஓட்டம் குறைந்தால் ஆக்சிஜனும் குறையும். புதிய மீன் வாங்குவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மருந்து போட வேண்டிய நிலை வந்தால் ஏர் பம்ப் இல்லாமல் போடாதீர்கள். சில மருந்துகள் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜனை மேலும் குறைக்கும். வாயோரம் பஞ்சு போல வெள்ளையாகப் படரும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயும் சூட்டில் வேகமாகப் பரவும். வெள்ளைப் புள்ளிக்குச் சூடேற்றச் சொல்வார்கள் என்ற நினைவில் இதற்கும் அதையே செய்துவிட வேண்டாம்.

அளப்பதற்குக் கண்ணாடியின் வெளியே ஒட்டும் பட்டையை நம்ப வேண்டாம். அது அறையின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். தண்ணீருக்குள் இருக்கும் தெர்மாமீட்டர் ஒன்று போதும், ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். தண்ணீர் அறையைவிடத் தாமதமாகச் சூடாகும். வெளியே வெயில் இறங்கிய பிறகுதான் தொட்டி உச்சத்துக்கு வரும். காலை அளவை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு டிகிரி ஏறி இறங்குவது இயல்பு. தெர்மோஸ்டாட் வைத்த ஸ்விட்ச் கிடைத்தால் ஃபேனை அதில் மாட்டி, 28இல் ஓடவும் 27இல் நிற்கவும் வைத்துவிடலாம். எந்த ஒயரையும் பிளக்குக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள், ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

மின்தடைக்கு, பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். கோடையில் மின்சாரம் போனால் ஃபேன், ஃபில்டர், ஏர் பம்ப் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அது இல்லையென்றால், ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். கை வலிக்கும், ஆனால் மீன் பிழைக்கும்.

கடைசியாகச் சில்லர். உங்கள் மீன்களுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. பவளத் தொட்டி, 25 டிகிரிக்கு மேல் சாயும் கிரிஸ்டல் இறால், தங்கமீனைவிடவும் குளிர்ச்சி கேட்கும் மீன்கள் என்று வைத்திருப்பவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது. புழுக்கமான ஊரில் ஃபேன் கைவிட்டுவிட்டால் உங்களுக்கும் அது தேவைப்படலாம். அப்படி வாங்கினால் கம்ப்ரசர் உள்ளதாகப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகட்டில் இயங்கும் சிறியவை 100 லிட்டருக்கு வலுப் போதாதவை. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் ஊதும். அதை அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். ஒரே அறையில் நான்கைந்து தொட்டிகள் இருந்தால் தனித்தனிச் சில்லருக்குப் பதில் அறைக்கே ஏசி போடுவது மின்சாரத்திலும் பராமரிப்பிலும் லாபம்.

இன்று மாலை ஃபேன் வைத்ததும் ஆறு மணிக்கு ஒரு அளவு, இரவு பத்து மணிக்கு ஒரு அளவு, விடியற்காலையில் ஒரு அளவு எடுத்து வையுங்கள். ஃபேனுக்குப் பிறகும் மாலையில் 30ஐத் தாண்டினால் உங்கள் அறையின் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.